மலக்குடல் புற்றுநோய்: முப்பத்தைந்திலும் எழுபதிலும்

1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு அதே வயதில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட இந்தக் கணக்கு அன்றுமுதல் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2020-இல் நடிகர் சாட்விக் போஸ்மேன் 43 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது பேச்சு இன்னும் பரவியது. படிப்பவர்களில் ஒரு சாரார், வயிறு லேசாக வலித்தாலே புற்றுநோயோ என்று அஞ்சுகிறார்கள். மறு சாரார், இது வயதானவர்களின் நோய், நமக்கு வராது என்று எண்ணி, கழிப்பறையில் கண்ட ரத்தத்தை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். முதல் சாராருக்கு மன நிம்மதி போகிறது. இரண்டாம் சாராருக்கு உயிரே போகலாம்.

இளையவருக்கு வரும் நோய்க்கும் முதியவருக்கு வரும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை மூன்று இடங்களில் தேடலாம்: கட்டியின் தன்மை, கண்டுபிடிக்க ஆகும் காலம், சிகிச்சைக்குப் பிறகு வாழவேண்டிய காலம். அதிகம் எழுதப்படுவது முதலாவதைப் பற்றித்தான். நோயாளியின் வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானிப்பவை மற்ற இரண்டுமே.

எதன் நான்கு மடங்கு?

50 வயதுக்கு முன் கண்டறியப்படும் குடல் புற்றுநோயை (பெருங்குடல், மலக்குடல் இரண்டும் சேர்த்து) இளவயதுப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் தனியாகப் பிரிக்கிறார்கள். முப்பதுகளில் இருப்பவர்களிடம் இந்த நோய் முன்பு மிக அரிதாக இருந்தது. மிகச் சிறிய எண்ணை நான்கால் பெருக்கினாலும் கிடைப்பது சிறிய எண்தான். அமெரிக்காவில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களைச் சேர்த்துப் பார்த்தால், பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் இன்றும் 50 வயதைத் தாண்டியவர்களே. எனவே முப்பத்தைந்து வயதுக்காரர் ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டிய நிலை இல்லை.

ஆனால் போக்கு கவலைக்குரியது. அதே நாட்டில் 1995-இல் குடல் புற்றுநோயாளிகளில் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 11 சதவீதம். 2019-இல் 20 சதவீதம். 1990-களின் இறுதியில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் நான்காம் இடத்தில் இருந்த குடல் புற்றுநோய் இப்போது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த வயதுப் பெண்களிடம் இரண்டாம் இடம். மற்ற நாடுகளிலும் இது தெரிகிறது: 50 நாடுகளின் பதிவேடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் 27 நாடுகளில் இளவயதுக் குடல் புற்றுநோய் கூடியிருந்தது.

இங்கே தலைமுறை விளைவு என்ற கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கருவிகள் மேம்பட்டதால் மட்டும் எண்ணிக்கை கூடியிருந்தால், ஒரே ஆண்டில் எல்லா வயதினரிடமும் கூடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. முதியவர்களிடம் குறைந்தது, கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில், பாலிப்புகள் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகளைப் புற்றாக மாறுவதற்கு முன்பே அகற்றிவிடுவது அதற்கு முக்கியக் காரணம். பின்னால் பிறந்தவர்களிடமோ, ஒவ்வொரு தலைமுறையிலும் முந்தைய தலைமுறையைவிட ஒரு படி ஏறியது. அப்படியானால் காரணம் பிறந்த காலத்தோடும் வளர்ந்த சூழலோடும் ஒட்டி வந்திருக்கிறது. இவர்கள் ஐம்பதையும் அறுபதையும் தொடும்போது அந்தக் கூடுதல் ஆபத்தையும் உடன் எடுத்துச் செல்வார்கள்.

ஒரு சாணுக்கும் குறைவான இடம்

பெருங்குடலின் கடைசிப் பகுதி மலக்குடல். நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. ஆசனவாய்க்கு மேலே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறுக்கமாக அடங்கியிருக்கிறது. முன்னால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குக் கருப்பையும் பிறப்புறுப்பும். இரு பக்கமும் சிறுநீர் கழித்தலையும் பாலுறவையும் கட்டுப்படுத்தும் நரம்புகள். கீழே மலத்தை அடக்கும் சுருக்குத் தசை.

மலக்குடல் புற்றுநோயைப் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து பிரித்துப் பேசுவதற்கு இந்த அமைப்பே காரணம். பெருங்குடலில் கட்டி வந்தால் தாராளமாக வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைத்துவிடலாம். மலக்குடலில் சில மில்லிமீட்டர்கூடக் கணக்கில் வருகிறது. எம்ஆர்ஐ படத்தில் மருத்துவர் முதலில் அளப்பது, மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையின் விளிம்புக்கும் கட்டிக்கும் இடையிலான தூரத்தை. அது ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால், கத்தி போன பிறகும் புற்று அங்கேயே மிஞ்சியிருக்கும் அபாயம் உண்டு. ரத்த ஓட்டமும் இங்கே இரு பாதையில் செல்கிறது. மேல் பகுதியின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கீழ்ப் பகுதியின் ரத்தம் கல்லீரலைத் தொடாமலே பொதுச் சுற்றோட்டத்தில் கலக்கிறது. தாழ்வான கட்டிகள் நேராக நுரையீரலுக்குப் பரவுவது இதனால்தான்.

இளையவர்களின் கட்டிகள் பெருங்குடலின் இடப்பக்கத்திலும் மலக்குடலிலும் அதிகம் வருகின்றன. வலப்பக்கக் கட்டிகளின் பங்கு வயது ஏற ஏறக் கூடுகிறது.

ஏன் கூடுகிறது?

தனியாக ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. சான்றுகள் எங்கெங்கே எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

1. பரம்பரை. இளவயது நோயாளிகள் 450 பேரின் மரபணுக்களைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் 16 சதவீதம் பேரிடம் பிறவியிலேயே வந்த மாற்றம் இருந்தது. அதில் பெரும்பங்கு லிஞ்ச் நோய்க்குறிக்கு. உயிரணு பிரியும்போது மரபுப் பிரதியில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் இதில் பழுதாகியிருக்கும். மீதிப் பேரிடம், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பேரிடம், பரம்பரைக் காரணம் எதுவும் தென்படவில்லை. தலைமுறைகளுக்கிடையே வந்த உயர்வையும் மரபணுவால் விளக்க முடியாது. சில பத்தாண்டுகளில் ஒரு மக்கள்தொகையின் மரபணு அவ்வளவு மாறிவிடாது.

2. உடல் எடை, உணவு, அசைவின்மை. உடல் பருமன் உள்ள பெண்களுக்கு இளவயதுக் குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இருந்தாலும் ஒல்லியாக, நன்றாக ஓடியாடித் திரிந்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நோய்வாய்ப்பட்டவரிடம் போய் "நீ சாப்பிட்டதுதான் காரணம்" என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது, கொடுமையும்கூட.

3. குடல் கிருமிகள். இ.கோலை பாக்டீரியாவில் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கின்றன. அது டிஎன்ஏவில் தனக்கே உரிய தழும்பை விட்டுச்செல்கிறது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 குடல் கட்டிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயதுக்கு முன் நோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு, 70-க்குப் பின் வந்தவர்களைவிட 3.3 மடங்கு அதிகம் காணப்பட்டது. தழும்பின் அமைப்பைப் பார்த்தால், சிறு வயதிலேயே அது பதிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது தொடர்பைக் காட்டும் சான்று. காரணத்தை நிறுவிய சான்றாக ஆகவில்லை. ஆனாலும் தலைமுறை விளைவோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் தடயம் வேறு குறைவு.

கட்டியே வேறு வகையா?

ஓரளவு வேறுதான். இளையவர்களிடம் சளி சுரக்கும் வகையும் முத்திரை மோதிர வடிவ அணு வகையும் சற்று அதிகம். முத்திரை மோதிர வகையில் உயிரணுவின் நடுவே சளி நிரம்பி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். நுண்ணோக்கியில் அது கல் பதித்த மோதிரம்போல் தெரியும். இந்த வகை ஒரே இடத்தில் திரளாமல் சுவருக்குள் ஊடுருவிப் பரவும் இயல்புடையது. வீரியமானது. இருபதுகளில் நோய் வருபவர்களிடம் இதன் பங்கு கூடுகிறது.

ஆயினும் பெரும்பாலான இளையவர்களின் கட்டி, முதியவர்களிடம் காணும் அதே சாதாரண அடினோகார்சினோமாதான், அதாவது குடலின் உட்சுவரிலுள்ள சுரப்பி உயிரணுக்களில் தோன்றும் புற்று. ஒரே நிலையில் இருக்கும் இருவரை ஒப்பிட்டால், இளையவர் பிழைக்கும் வாய்ப்பு முதியவருடையதைவிடப் பொதுவாக மோசமில்லை. சில ஆய்வுகளில் சற்று மேல். அப்படியிருந்தும் இளையவரின் நோய் மூர்க்கமானது என்ற பெயர் எப்படி வந்தது? ஒரே நிலையில் இருவரும் வந்து சேர்வதில்லை. இளையவர்களில் மூன்றாம், நான்காம் நிலையில் வருபவர்கள் அதிகம். மூன்றாம் நிலை என்றால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டது என்று பொருள். நான்காம் நிலை என்றால் கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்கும் போய்விட்டது.

தொலைந்துபோகும் மாதங்கள்

எழுபது வயதுக்காரர் மலத்தில் ரத்தம் என்று சொன்னால், மருத்துவரின் மனத்தில் முதலில் எழும் சொல் புற்றுநோய். முப்பத்தைந்து வயதுக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் எழும் சொல் மூலம். அது தவறான ஊகம் என்று சொல்லிவிட முடியாது. அந்த வயதில் ரத்தம் கசிபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் இருக்கும். ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமல் விடுவதில்தான் பிழை இருக்கிறது.

தாமதம் பெரும்பாலும் இப்படி நேர்கிறது. முதல் சில மாதங்கள், கூச்சத்தால் நோயாளி யாரிடமும் சொல்வதில்லை. பிறகு மருந்துக் கடையில் களிம்பு வாங்குகிறார். ரத்தம் சில வாரங்கள் நிற்கிறது, மீண்டும் வருகிறது. மருத்துவரிடம் போகிறார், மலச்சிக்கலுக்கு மருந்து கிடைக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரப்படுகிறது. ரத்தம் ஏன் குறைந்தது என்று யாரும் தேடுவதில்லை. பெண்ணாக இருந்தால் மாதவிடாய்மேல் பழி விழுகிறது. பிரசவத்துக்குப் பிறகு என்றால் அதன்மேல். ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் ஓராண்டு போயிருக்கும்.

இத்தனைக்கும் மலக்குடலின் கீழ்ப் பாதி, கையுறை மாட்டிய மருத்துவரின் விரல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆட்காட்டி விரல் ஏழெட்டு சென்டிமீட்டர் போகும். மூலம் தொட்டால் மென்மையாக, அழுத்தினால் அமுங்கும். பல நேரம் விரலுக்குத் தட்டுப்படுவதே இல்லை. புற்றுக்கட்டி கரடுமுரடாக, கெட்டியாக, அசையாமல் நிற்கும். ஒரு நிமிடப் பரிசோதனை. இருவருக்குமே சங்கடமாக இருப்பதால் தவிர்க்கப்படுகிறது. விரலில் எதுவும் படவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மேல் பாதியைப் பார்க்க, கேமராக் குழாயை உள்ளே செலுத்தும் எண்டோஸ்கோப்பி தேவை.

எந்த அறிகுறிகளைப் பொருட்படுத்த வேண்டும்? 5,000-க்கும் மேற்பட்ட இளவயது நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு நான்கைச் சுட்டியது. நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் முன்பே இவை பதிவாகியிருந்தன:

1. வயிற்று வலி
2. ஆசனவாய் வழியாக ரத்தம்
3. நாள்பட்ட வயிற்றுப்போக்கு
4. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் ரத்தசோகை

இவற்றில் ஒன்று இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஆறு மடங்குக்கும் மேல். மலக்குடலுக்கே உரிய இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும் முழுதாக வெளியேறவில்லை என்ற உணர்வு, அதனால் மறுபடி மறுபடி போகத் தோன்றுவது. உள்ளே இருக்கும் கட்டியை மலம் என்றே உடல் எடுத்துக்கொள்கிறது.

பாலிப் ஒன்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள்வரை ஆகும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தத்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனை. அமெரிக்காவில் புற்றுநோய்ச் சங்கம் 2018-இலும், அரசின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இலும் அதைத் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தன. முப்பத்தைந்து வயதுக்காரர் இதற்குள் வரமாட்டார். அவருக்கு அறிகுறி ஒன்றே எச்சரிக்கை. ரத்தம் வந்த பிறகு செய்யும் கொலோனோஸ்கோப்பிக்கு வயது வரம்பு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வயது பற்றிய பேச்செல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கே.

சிகிச்சைக்குப் பின் நாற்பது ஆண்டுகள்

இரண்டாம், மூன்றாம் நிலை மலக்குடல் புற்றுக்கு நெடுங்காலம் இருந்த வழிமுறை இது: முதலில் ஐந்து, ஆறு வாரங்கள் கதிர்வீச்சும் கூடவே கீமோவும், பிறகு மலக்குடலை அதன் கொழுப்பு உறையோடு முழுமையாக எடுக்கும் அறுவை சிகிச்சை, பிறகு மேலும் கீமோ. உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை இருபாலருக்கும் இரு வயதினருக்கும் இது பயன் தந்தது. விலை மட்டும் வயதுக்கேற்ப வேறுபடுகிறது.

கருத்தரிப்பு. சூலகத்தில் உள்ள முதிராக் கருமுட்டைகளில் பாதியை அழிக்க 2 கிரே (கதிர்வீச்சின் அளவை அலகு) கதிர்வீச்சே அதிகம். மலக்குடலுக்குத் தரப்படும் நீண்டகாலச் சிகிச்சையில் மொத்த அளவு 45 முதல் 50 கிரே. அதாவது முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சிகிச்சை முடியும்போது மாதவிடாயும் முடிந்துபோகும். கருப்பைச் சுவரும் கெட்டிப்பட்டுவிடுவதால், சேமித்த கருமுட்டை இருந்தாலும் தானே சுமப்பது கடினம். ஆண்களுக்கு விந்தணு உற்பத்தி பாதிக்கப்படலாம். விந்தைச் சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டை எடுத்து உறையவைக்க ஏறக்குறைய இரண்டு வாரம். சூலகங்களைக் கதிர் படாத உயரத்துக்கு அறுவை சிகிச்சையால் நகர்த்தி வைக்கவும் வழியுண்டு. இவை எல்லாமே முதல் கதிருக்கு முன்பாகச் செய்யவேண்டியவை. சிகிச்சையை அவசரமாகத் தொடங்கும் பதற்றத்தில் இந்தப் பேச்சே எழாமல் போவது, இந்தத் துறையில் நடக்கும் ஈடுசெய்ய முடியாத பிழைகளில் ஒன்று.

மலக் கட்டுப்பாடு. மலக்குடலை எடுத்து, பெருங்குடலைக் கீழே இறக்கி இணைத்தாலும் பழைய சேமிப்பிடம் திரும்புவதில்லை. பலருக்குக் காலையில் இரண்டு மணி நேரத்தில் ஐந்தாறு முறை போகவேண்டியிருக்கிறது. வாயுவா மலமா என்று உடலுக்குத் தெரிவதில்லை. வெளியே கிளம்பினால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்க்கவேண்டியிருக்கிறது. சுருக்குத் தசையையே எடுக்க நேர்ந்தால் வயிற்றில் நிரந்தரத் துளையும் மலப்பையும். வேலைக்குப் போகிறவருக்கு, திருமணமாகாதவருக்கு, கைக்குழந்தையைத் தூக்குகிறவருக்கு அன்றாடம் முழுவதும் இதைச் சுற்றி மாறிவிடுகிறது. நரம்பு பாதிக்கப்பட்டு வரும் பாலுறவுச் சிக்கல்களைப் பற்றி மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை.

கடந்த சில ஆண்டுகளின் நல்ல செய்தி, இந்தச் சுமையைக் குறைக்கும் வழிகள் பிறந்திருப்பது.

1. கதிர்வீச்சைத் தவிர்ப்பது. 2023-இல் முடிவு வெளியான புராஸ்பெக்ட் ஆய்வில், சுருக்குத் தசையைக் காப்பாற்றக்கூடிய நடுத்தரக் கட்டி உள்ளவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான கதிர்வீச்சும் மறுபாதிக்கு முதலில் கீமோ மட்டுமும் தரப்பட்டது. கட்டி போதுமான அளவு சுருங்காதவர்களுக்கே பிறகு கதிர்வீச்சு. ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கீமோ குழுவில் 80.8 சதவீதம், கதிர்வீச்சுக் குழுவில் 78.6 சதவீதம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளையவருக்கு இது பெரிய கதவு. மிகத் தாழ்வான கட்டிக்கும் ஆழமாக ஊடுருவிய கட்டிக்கும் இது பொருந்தாது.

2. அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது. கதிர்வீச்சும் கீமோவும் முழுதாக முடிந்த பிறகு கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டால், வெட்டாமல் கூர்ந்து கண்காணிப்பது. ஓப்ரா என்ற ஆய்வில் முதலில் கதிர்வீச்சும் அடுத்துக் கீமோவும் பெற்றவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் மலக்குடலை இழக்கவில்லை. கட்டி மறுபடி முளைத்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியும் எம்ஆர்ஐயும் தவறாமல் நடக்க வேண்டும். வர முடியாதவருக்கு இந்த வழி ஆபத்து.

3. இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை. மலக்குடல் கட்டிகளில் 5 முதல் 10 சதவீதத்தில், லிஞ்ச் நோய்க்குறியில் பார்த்த அதே பிழைதிருத்தக் குறைபாடு இருக்கும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் அப்படிப்பட்டவர்களுக்கு டோஸ்டார்லிமாப் மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வெளியானபோது, சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி முற்றாக மறைந்திருந்தது. 2025-இல் அந்த எண்ணிக்கை 49; அப்போதும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும். வெட்டு இல்லை, கதிர் இல்லை. ஆனால் இந்தக் குறைபாடு இல்லாத கட்டிகளில் மருந்து இப்படி வேலை செய்யாது. குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து எடுக்கும் முதல் பயாப்சித் துண்டிலேயே சோதித்தால்தான் தெரியும்.

முதலாவதும் இரண்டாவதும் எதிர் எதிரான திட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கருப்பையைக் காக்க விரும்பினால் கதிர்வீச்சைத் தவிர்த்து அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டும். மலக்குடலைக் காக்க விரும்பினால் கதிர்வீச்சை ஏற்றாக வேண்டும். எது வேண்டும் என்று நோயாளியைக் கேட்காமல் சரியான திட்டம் என்று ஒன்றை வகுக்க முடியாது.

எழுபது வயதின் கணக்கு

முதியவருக்குக் கேள்விகள் வேறு. இதயமும் சிறுநீரகமும் எவ்வளவு தாங்கும்? ஏற்கெனவே எத்தனை மருந்துகள்? ஐந்து வாரக் கதிர்வீச்சுக்குத் தினமும் வந்துபோக முடியுமா, அல்லது ஐந்தே நாளில் முடியும் குறுகிய முறை போதுமா? பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடமாட்டத்தையும் தனித்து வாழும் திறனையும் இழந்துவிடுவாரா? பல முதியவர்களுக்கு மலப்பையைவிட அந்தச் சார்ந்து வாழும் நிலையே பெரிய அச்சம்.

பிழை இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது. இளையவருக்கு, தாங்குவார் என்பதற்காகவே தேவைக்கு மேல் கீமோ தரப்படுகிறது. ஆக்சாலிபிளாட்டின் மருந்தால் கை கால் நுனிகளில் மரத்துப்போதல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். விரல்களை நம்பி வேலை செய்பவருக்கு அது பிழைப்பையே பாதிக்கும். முதியவருக்கோ, பிறந்த தேதியைப் பார்த்ததுமே சிகிச்சை குறைக்கப்படுகிறது. எழுபத்தைந்து வயதில் தினமும் நடைப்பயிற்சி போகிறவரும் உண்டு, அறுபதில் கட்டிலோடு கிடப்பவரும் உண்டு. நடை வேகம், நினைவாற்றல், உணவு, துணைக்கு ஆள் என்று முறையாக மதிப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வீட்டில் மற்றவர்களுக்கு

50 வயதுக்கு முன் நோய் வந்த எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும். லிஞ்ச் நோய்க்குறி உறுதியானால், அதே மரபணு மாற்றம் உள்ள உறவினர்கள் பொதுவாக 20 முதல் 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய்க் கண்காணிப்பும் சேரும். மரபணுவில் எதுவும் தென்படாவிட்டாலும் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கான விதி நிற்கிறது: 40 வயது, அல்லது நோயாளிக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பு, இவற்றில் எது முந்தியதோ அப்போது முதல் பரிசோதனை. அண்ணனுக்கு 38 வயதில் கண்டறியப்பட்டால் தங்கை 28 வயதில் போகவேண்டும். அவளுக்கு இப்போதே 33 என்றால், இன்றே.